சூடாக இருப்பதாலேயே அது நல்ல பால் ஆகிவிடாது

வார இறுதியில் யார் யார் ஊர் சுற்றப் போனார்கள் என்பது திங்கட்கிழமை காலை குழந்தைகள் ஓபியில் கேட்காமலே தெரிந்துவிடும். டயப்பர் பையோடு மைசூர் சில்க் கடைப் பையும் தோளில் தொங்கும். குழந்தைக்கு ஏழெட்டு மாதம் இருக்கும். ஞாயிறு மதியம் வாந்தியில் ஆரம்பித்து, ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு. "ஏசி ஒத்துக்கல டாக்டர்", "தண்ணி மாறிடுச்சு", "பல்லு முளைக்குது போல". ஏசியால் வயிற்றுப்போக்கு வராது. பல்லாலும் வராது. பால் எத்தனை மணிக்குக் கலந்தது என்று கேட்டுப் பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கும்.

சென்னை சென்ட்ரலிலிருந்து மைசூரு வந்தே பாரத் காலை ஆறு மணிக்கு முன்பே கிளம்பிவிடுகிறது. நாலு மணிக்கு எழுந்து, பவுடர் பாலைக் கலந்து, "வழிக்கு ஆகும்" என்று ஃப்ளாஸ்க்கில் ஊற்றியாகிறது. காட்பாடி தாண்டியதும் குழந்தை பாதி குடிக்கிறது. பாட்டிலில் மிச்சமிருப்பதை மூடி வைத்து, பத்து மணிக்கு மேல் பெங்களூரு வரும்போது அதையே மறுபடி கொடுக்கிறார்கள். ஃப்ளாஸ்க்கின் அடியில் இருப்பது மைசூரு போய் ஓட்டல் அறையில். ஆக, நாலு மணிக்குக் கலந்த பாலை ஒரு மணிக்கும் குழந்தை குடிக்கிறது.

கேட்டால் மூன்று பதில்கள் வரும். முதலாவது, "சூடாத்தான் இருந்துச்சு டாக்டர்." அந்தச் சூடுதான் சிக்கலே. 5 டிகிரிக்குக் கீழே கிருமி மந்தமாகக் கிடக்கும், 60 டிகிரிக்கு மேலே பெரும்பாலும் தாக்குப்பிடிக்காது. இடைப்பட்ட சூட்டில்தான் பெருகும், அதிலும் உடம்புச் சூட்டை ஒட்டிய வெதுவெதுப்பில் கொண்டாட்டமாகப் பெருகும். குழந்தை குடிக்கும் பதத்துக்கு ஆற்றி ஃப்ளாஸ்க்கில் அடைக்கிறீர்களே, அதே பதம்தான் கிருமிக்கும் பிடித்த பதம். லேபில் கிருமி வளர்க்க நாங்கள் வைத்திருக்கும் இன்குபேட்டரும் 37 டிகிரிதான். ஃப்ளாஸ்க் பாலைக் காப்பாற்றவில்லை, கிருமிக்கு இதம் கொடுக்கிறது.

இரண்டாவது, "திரியவே இல்ல, மோந்தும் பார்த்தேன்." பாலைத் திரிய வைப்பவை வேறு கிருமிகள், குழந்தையின் வயிற்றைக் கெடுப்பவை வேறு. சால்மோனெல்லா போன்ற வயிற்றுக் கிருமி சேர்ந்தால் பால் திரிந்துதான் ஆக வேண்டும் என்றில்லை, நாறவேண்டும் என்றும் இல்லை. உங்கள் மூக்கு லேப் டெஸ்ட் அல்ல.

மூன்றாவது, "கொதிச்ச தண்ணியிலதான் கலந்தேன்." கொதித்து, ஆறி, வெதுவெதுப்பான பிறகு கலந்தீர்கள். தண்ணீர் சுத்தம்தான், ஆனால் பால் பவுடர் கிருமி நீக்கிய பொருள் இல்லையே! டப்பா சீல் பிரிக்காமல் இருந்தாலும் அதில் க்ரோனோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கலாம். அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலக்க வேண்டும், கலந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சில டப்பாக்களில் 'வெதுவெதுப்பான நீர்' என்றே அச்சிட்டிருக்கிறார்கள், அது தனிக் கோபம். மறுபடி சுடவைத்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதித்தாலும் அழியாது.

சரி, என்ன செய்வது? பாலைக் கலந்து எடுத்துப் போகாதீர்கள். பவுடர் தனியாக, வெந்நீர் தனியாக. மூடியுள்ள சின்ன டப்பாக்களைக் கழுவி ஈரமில்லாமல் உலர்த்தி, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பவுடரை அளந்து போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான பிராண்டுகளில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு தலைதட்டிய ஸ்கூப். உங்கள் டப்பாவில் இருப்பதைப் பாருங்கள். தண்ணீரை முதலில் ஊற்றி, பிறகு பவுடர். பயணத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று நீர்க்கக் கலப்பதும், வயிறு நிறையட்டும் என்று கூடப் போடுவதும் இரண்டுமே தப்பு. ஸ்டீல் ஃப்ளாஸ்க்கில் முதலில் கொஞ்சம் கொதிநீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு, அப்புறம் கொதிக்கக் கொதிக்க நிரப்பினால் சூடு நெடுநேரம் நிற்கும். கலந்த பாலை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக் கொடுங்கள். ரயிலில் டீத்தூளோடு தரும் வெந்நீரை இதற்கு நம்ப வேண்டாம். ஓட்டல் கெட்டிலில் ஒருமுறை தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டு மறுபடி கொதிக்க வையுங்கள். பாட்டில் தண்ணீரானாலும் கொதிக்க வைக்கத்தான் வேண்டும்.

பாட்டிலையே விட்டுவிட முடிந்தால் இன்னும் நல்லது. நிப்பிளின் ஓரத்து மடிப்பில் படியும் பால் ஆடையை வாஷ்பேசினில் யாராலும் சுத்தம் செய்ய முடியாது. பாட்டி வீட்டில் குழந்தைக்குப் பால் புகட்டும் ஸ்டீல் பாலாடையில் மடிப்பும் இல்லை, மூலையும் இல்லை. சோப்பு போட்டுக் கழுவி, கொதிநீர் ஊற்றினால் தீர்ந்தது. வெள்ளிப் பாலாடைதான் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ஜன்னலோர இருக்கை, ஒரு துப்பட்டா, போதும். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு வெயில் என்று தண்ணீர் ஊட்டாதீர்கள். இன்னொரு தடவை பால் கொடுங்கள். ஸ்டேஷன் டீக்கடையில் பாட்டிலை நீட்டிப் பால் வாங்குவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அடுத்தது, ரயிலில் அழாமல் தூங்குவதற்காக அரை ஸ்பூன் சளி சிரப். இதைக் கேட்டால் எனக்குப் பொறுமை போய்விடும். க்ளோர்ஃபெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சிரப்பை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையகம் சொல்லிவிட்டது. ப்ரோமெதசின் என்ற மருந்து இரண்டு வயதுக்குள் மூச்சையே மந்தமாக்கும். இந்தத் தூக்கத்துக்கும் மயக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் ஓடும் ரயிலில் அரை இருட்டில் உங்களுக்குத் தெரியாது. குழந்தை அழுதால் அழட்டும். பக்கத்து சீட்டுக்காரர் இறங்கிப் போய்விடுவார்.

டீ வரும்போது குழந்தை மடியில் இருக்கக் கூடாது. ஒருவர் குடித்து முடித்த பிறகு மற்றவர். மேலே கொட்டிவிட்டால் உடனே துணியைக் கழற்றி, ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். பேஸ்ட், நெய் எதுவும் வேண்டாம். இரவு ரயிலில் திரும்புகிறீர்களா? லோயர் பெர்த்தில் குழந்தையைச் சுவர்ப் பக்கம் போடுங்கள், கம்பளி குழந்தையின் முகத்துக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ். பாக்கெட்டைச் சென்னையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டரில் கலக்க வேண்டும், சிட்டிகை சிட்டிகையாக அல்ல. ஒரு லிட்டர் ரயில் நீர் பாட்டில் இதற்கு அளவாக இருக்கும். இருபத்திநாலு மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனால், மெதுவாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி. பாலை நிறுத்தாதீர்கள். டெட்ரா பேக்கில் வரும் இனிப்புத் தண்ணீர் ஓஆர்எஸ் அல்ல. அந்தப் பெயரை அவற்றின் மேல் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிடவே 2025 ஆகிவிட்டது.

உச்சிக்குழி உள்ளே போயிருந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், மலத்தில் ரத்தம் இருந்தால், குழந்தை துவண்டு கிடந்தால், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் இருந்தால், அந்த ஊரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மைசூரில் செலுவாம்பா, பெங்களூரில் இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. ரயிலில் இருந்தால் ரயில்வே உதவி எண் 139-ஐக் கூப்பிட்டு அடுத்த பெரிய ஸ்டேஷனில் டாக்டர் வேண்டும் என்று சொல்லுங்கள். "எங்க டாக்டர்கிட்டயே காட்டிக்கலாம்" என்று ராத்திரி முழுக்க ரயிலில் வைத்துக் கொண்டுவந்து திங்கட்கிழமை டோக்கன் எடுக்காதீர்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும்.