13 மணித்தியாலம் ஓடலாம் எண்டது பாதிக் கதைதான் (கனடாவில ட்ரக் ஓடுற எங்கட ஆக்களுக்கு)

போன கிழமை ராத்திரி ஒன்பதரை இருக்கும், ஒரு தம்பி ஃபோன் எடுத்தார். லைசென்ஸ் எடுத்து மூண்டு மாசம்தான் ஆகுது. வின்னிபெக் லோட், சூ செயின்ற் மரியைத் தாண்டி ஒரு காஸ் ஸ்டேசன் யார்ட்டுக்க நிக்கிறார். "அண்ணை, 13 மணித்தியாலம் ஓடலாம் எண்டுதானே படிப்பிச்சவை, நான் 9தான் ஓடினனான், ஈஎல்டி சிவப்பாக் காட்டுது, மெசின் பிழையோ?" எண்டு கேக்கிறார். (ஈஎல்டி எண்டால் ஓடுற நேரத்தைத் தானாப் பதியிற, ட்ரக்கில பூட்டின மெசின்.) டிஸ்பாச்சர் (கொம்பனியில ட்ரக்குகளை அனுப்பிற ஆள்) வேற, இன்னும் நாலு மணித்தியாலம் கிடக்குத்தானே, வாவா எண்ட ஊர் மட்டும் போய் நில் எண்டு மெசேஜ் போட்டிருக்கிறாராம்.

மெசின் பிழையில்லை தம்பி, டிஸ்பாச்சர் சொன்னதுதான் பிழை எண்டு சொன்னன். அவருக்கு ஃபோனில விளங்கப்படுத்தினதை இஞ்ச கொஞ்சம் விரிவா எழுதுறன், ஏனெண்டால் இதே கேள்வி எனக்குக் கனக்க வருது.

முதல்ல, ட்ரக் ஓடுற நேரத்துக்கான இந்தக் கணக்கு ஃபெடரல் சட்டம், 2007 ஜனவரி 1 இல இருந்து நடைமுறையில இருக்கு. மாகாணம் விட்டு மாகாணம் போற ட்ரக், எல்லை தாண்டுற ட்ரக் எல்லாத்துக்கும் இதுதான். (60 பாகை அகலாங்குக்கு மேல, யூக்கொன் பக்கம் போறவைக்குக் கணக்கு வேற, அதை இதோட குழப்ப வேண்டாம்.) இதில ஒரு மணிக்கூடு இல்லை, மூண்டு மணிக்கூடு ஒரே நேரத்தில ஓடுது, எது முதல்ல முடியுதோ அதோட உங்கட நாள் முடிஞ்சுது. ஸ்டியரிங் பிடிச்சு ஓடுற நேரம் 13. ஓடுறதோட சேர்த்து வேலை எண்டு கணக்கில வாற எல்லாம் 14. நித்திரையால எழும்பி வேலை தொடங்கின நேரத்தில இருந்து, ரெஸ்ட் எடுத்தாலும் எடுக்காட்டிலும் நிக்காமல் ஓடுறது 16. இந்த 16 முடிஞ்சால் தொடர்ச்சியா 8 மணித்தியாலம் ஒஃப் எடுக்காமல் திருப்பி ஓடேலாது. படிக்கிற இடத்தில 13ஐ மட்டும் மண்டைக்க ஏத்தி விடுகினம், ஆனா ஆக்களைப் பிடிக்கிறது 14உம் 16உம்தான்.

தம்பியின்ர நாளையே பாப்பம். காலமை 5 மணிக்குத் தொடங்கினார். ட்ரக்கைச் சுத்திப் பாத்து இன்ஸ்பெக்சன் அரை மணித்தியாலம். 5:30க்கு மிசிசாகாவில ஒரு வெயார்ஹவுஸ், டொக்கில (லோட் ஏத்தி இறக்கிற மேடையில) பின்பக்கத்தைக் குடுத்திட்டு நிக்கிறார், இந்தா வாறம் அந்தா வாறம் எண்டு லோட் ஏத்தி முடிய 10 மணி. அந்த நாலரை மணித்தியாலமும் அவர் சீற்றில இருந்து ஃபோன் பாத்துக்கொண்டு இருந்தவர், அதால அது ஒஃப் டியூட்டி எண்டு நினைச்சிட்டார். இல்லை. லோட் ஏத்தக் காத்திருக்கிறது, இறக்கக் காத்திருக்கிறது, ட்ரக் திருத்தக் காத்திருக்கிறது, லோடைச் செக் பண்ண விட்டிட்டு நிக்கிறது, ரோட்டில அக்சிடென்ற் எண்டு மறிச்சு வைக்கிறது, எல்லாம் ஒன் டியூட்டி, அதாவது வேலை நேரம் எண்டுதான் சட்டத்திலயே எழுதிக் கிடக்கு. அப்ப 10 மணிக்கு வெளிக்கிடேக்கயே 14 இல 5 போயிட்டுது. மிச்சம் 9. நடுவில சாப்பாடு, கோப்பி எண்டு ரெண்டு மணித்தியாலம் ஒஃப், 9 மணித்தியாலம் ஓட்டம், சரியா ராத்திரி 9 மணி. 14உம் முடிஞ்சுது, 16உம் முடிஞ்சுது. 13 இல இன்னும் 4 கிடக்குதுதான், ஆனா அந்த 4ஆல ஒரு பிரயோசனமும் இல்லை.

இன்னுமொண்டு, ஒரு நாளில மொத்தமா 10 மணித்தியாலம் ஒஃப் இருக்க வேணும். நாள் எண்டால் உங்கட கொம்பனி எந்த நேரத்தில இருந்து கணக்கு வைக்குதோ அதில இருந்து 24 மணித்தியாலம், கனக்க கொம்பனியளில நடுச்சாமம் 12. அந்த 10 இல தொடர்ச்சியான 8ஐ விட மிச்சம் இருக்கிற 2ஐ உடைச்சு எடுக்கலாம், ஆனா ஒரு துண்டு அரை மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. பதினைஞ்சு நிமிசம் கோப்பி குடிச்சதை நாலு தரம் எடுத்திட்டு ஒரு மணித்தியாலம் எடுத்திட்டன் எண்டு சொல்லேலாது. தம்பிக்கு இதில பிழை வரேல்லை, நடுச்சாமத்தில இருந்து 5 மட்டும் 5, பகல் 2, ராத்திரி 9 இல இருந்து 12 மட்டும் 3, சரியா 10.

நான் ஓடத் தொடங்கின காலத்தில பேப்பர் லொக், ஓட்டம், ரெஸ்ட் எல்லாத்தையும் கையால கீறி வைக்கிற பதிவு. ஒரு கொம்பனியில எனக்குச் சொல்லித் தந்ததே டொக்கில நிக்கிற நேரத்தை ஒஃப் எண்டு கீறு எண்டுதான், நானும் கொஞ்ச நாள் கீறினன். ஒருநாள் விடியப்புறம் நிப்பிகன் பக்கம் ரோட்டில ஒரு பெரிய மூஸ் மான் நிண்டது, கிட்டப் போகும் மட்டும் எனக்கு அது தெரியேல்லை. கண் திறந்துதான் இருந்தது, மூளை நித்திரை. பிரேக் அடிச்சு நிண்ட பிறகு கை நடுங்கினது அரை மணித்தியாலம் நிக்கேல்லை. என்ர லொக்கில அந்த நேரம் எனக்கு ஓட இன்னும் ரெண்டரை மணித்தியாலம் இருந்தது. அண்டைக்குப் பிறகு நான் நேரம் மாத்திக் கீறினதில்லை.

இப்ப கீறவும் ஏலாது. ஈஎல்டி 2021 ஜூன் 12 இல இருந்து கட்டாயம், 2023 ஜனவரி 1 இல இருந்து டிக்கெட்டும் எழுதுகினம். அமெரிக்காவில மெசின் செய்யிற கொம்பனி தானே சரியெண்டு சொல்லுற முறை, இஞ்ச வேற ஒரு நிறுவனம் சோதிச்சு சான்றிதழ் குடுத்த மெசின்தான் பாவிக்கலாம். ஆனா டொக்கில நிண்டதை ஒஃப் எண்டு அமத்தி விடுறது இப்பவும் நடக்குது. ஸ்கேலில (ட்ரக் நிறுத்துச் சோதிக்கிற இடத்தில) ஒஃபிசர் கேட்டால் அண்டைய லொக்கும் அதுக்கு முந்தின 14 நாள் லொக்கும் காட்ட வேணும், போய்க்கொண்டிருக்கிற ட்ரிப்பின்ர டீசல் பில், லோட் பேப்பர் எல்லாம் கேப்பினம், வெயார்ஹவுஸ் பேப்பரில 5:30 இன், 10:00 அவுட் எண்டு முத்திரை கிடந்தால் ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாக்க ஒரு நிமிசம் போதும். பொய் லொக் எண்டு கண்டால் 72 மணித்தியாலம் ஓடேலாமல் நிப்பாட்டி வைக்கலாம். அந்த மூண்டு நாளும் ஆர் காசு தாறது?

உண்மையிலயே லோட் ஏத்தப் பிந்தும் எண்டு தெரிஞ்சு, உங்களைப் பொறுப்பில இருந்து விட்டு, நீங்களும் பின்னால ஸ்லீப்பரில போய்ப் படுத்தால் அது வேற கதை. தனிய ஓடுறவர் ஸ்லீப்பர் நேரத்தை ரெண்டாப் பிரிக்கலாம், ஒவ்வொண்டும் ரெண்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல், ரெண்டும் சேர்ந்து 10க்குக் குறையாமல். கணக்கு கொஞ்சம் சிக்கல், புதுசா வந்தவை முதல் ஆறு மாசம் அதைத் தொடாமல் நேர 8 எடுத்துப் பழகுறது நல்லம் எண்டுதான் நான் சொல்லுவன்.

கிழமைக் கணக்கும் கிடக்கு, அதில சைக்கிள் எண்டு ரெண்டு வகை, ஒண்டைப் பின்பற்ற வேணும். சைக்கிள் 1 எண்டால் 7 நாளில 70 மணித்தியாலம் ஒன் டியூட்டி. ஒவ்வொரு நாளும் 14 முழுசா எடுத்தால் ஐஞ்சு நாளில 70 சரி. 36 மணித்தியாலம் தொடர்ச்சியா ஒஃப் எடுத்தால் திருப்பிப் பூச்சியத்தில இருந்து தொடங்கலாம். சைக்கிள் 2 எண்டால் 14 நாளில 120, ஆனா 70 வர முந்தி 24 மணித்தியாலம் ஒஃப் எடுத்திருக்க வேணும், பூச்சியமாக்க (ரிசெற்) 72. எந்தச் சைக்கிள் எண்டாலும் 14 நாளுக்குள்ள ஒருக்கா 24 மணித்தியாலம் ஒஃப் கட்டாயம்.

எல்லை தாண்டுறவை இதைக் கவனியுங்கோ. வின்சர் பாலத்தால டிற்றோயிற்றுக்க இறங்கின உடன அமெரிக்கச் சட்டம், 11 மணித்தியாலம் ஓட்டம், வேலை தொடங்கி 14க்குப் பிறகு ஓடக்கூடாது, 8 மணித்தியாலம் ஓட முந்தி அரை மணித்தியாலம் ஓட்டத்தை நிப்பாட்ட வேணும், ரெஸ்ட் தொடர்ச்சியா 10, 8 நாளில 70, ரிசெற் 34. இதில எங்கட ஆக்கள் கனபேர் பிழைக்கிறது அந்த 10 இலதான். முதல் நாள் ராத்திரி 8 மட்டும் எடுத்திட்டு வெளிக்கிட்டால் கனடாப் பக்கம் 401 ஹைவேயில அது சரி, பாலத்துக்கு அங்கால அதே 8 பிழை. அண்டைக்கு எல்லை தாண்டுறது எண்டால் முதல் நாளே 10 எடுத்திடுங்கோ.

விண்டரில வாவா பக்கம் 17 ஆம் ஹைவேயைப் பூட்டுறது புதினமில்லை. வழியில எதிர்பாராமல் ஸ்னோ பிடிச்சால், ரோட்டுப் பூட்டினால், பாதுகாப்பான இடத்துக்குப் போறதுக்காக 2 மணித்தியாலம் மட்டும் கூட்டி ஓட விடுகினம், என்ன காரணம் எண்டு லொக்கில எழுத வேணும். ஆனா வெளிக்கிடேக்கயே புயல் எண்டு தெரிஞ்சிருந்தால் அது எதிர்பாராதது இல்லை, அதுக்கு இந்தச் சலுகையும் இல்லை. பார்க்கிங்கும் அப்பிடித்தான், பொழுதுபட்டால் வடக்குப் பக்கம் ட்ரக் ஸ்டொப் எல்லாம் நிரம்பிடும், கடைசி மணித்தியாலத்தில இடம் தேடத் தொடங்கினால் நேரம் முடிஞ்சு ரோட்டுக் கரையிலதான் நிப்பீங்கள். எங்க நிக்கிறது எண்டதை மத்தியானமே முடிவெடுங்கோ.

டிஸ்பாச்சர் ஓடச் சொல்லுறார், என்ன செய்யிறது? நேரம் முடிஞ்ச ட்ரைவரை ஓடச் சொல்லுறது, ஓட விடுறது ரெண்டும் கொம்பனிக்கும் குற்றம். நேரம் மிச்சம் இருந்தாலும் களைப்பால ஓடேலாது எண்டால் ஓடக்கூடாது, கொம்பனி ஓட வைக்கவும் கூடாது, அதுவும் அதே சட்டத்திலதான் கிடக்கு. சண்டை பிடிக்கத் தேவையில்லை. ஃபோனில கதைக்காமல் டெக்ஸ்ட் போடுங்கோ. தம்பிக்கு அண்டைக்கு நான் எழுதிக் குடுத்தது இவ்வளவுதான்: "5:30க்கு டொக்கில நிண்டன், 10:00க்குத்தான் விட்டவை. 14உம் 16உம் ராத்திரி 9க்கு முடிஞ்சுது. காலமை 5க்கு வேலை தொடங்குவன். வின்னிபெக் அப்பொயின்ற்மென்றை மாத்துங்கோ." ஈஎல்டி ஸ்கிரீனையும் ஒரு படம் எடுத்து அதோட அனுப்பச் சொன்னன்.

பத்து நிமிசத்தால ஓகே எண்டு பதில் வந்ததாம். பிறகு அவர் கேட்டார், காலமை எத்தினை மணிக்கு அலாரம் வைக்கிறது எண்டு. 5க்கு எழும்பினால் காணும், அதுக்கு முந்தி ட்ரக்கைச் சுத்திப் பாக்கவும் இறங்காதை, அதுவும் ஒன் டியூட்டி எண்டு சொல்லிப்போட்டு வைச்சன்.