ஆங்கில வாக்கியத்தில் முதலில் எழுவாயைத் தேடுங்கள்

பிள்ளைக்கு ஆங்கிலம் எழுத வரவில்லை என்றால் வார்த்தைகள் போதவில்லை என்று நினைத்து, தினமும் பத்து வார்த்தை மனப்பாடம் செய்ய வைக்கும் பெற்றோர் நிறையப் பேர். நான் திருத்தும் நோட்டுகளில் வார்த்தைப் பஞ்சம் அவ்வளவாக இல்லை. 'எஸ்டர்டே வென்ட் டு மார்க்கெட்', 'இஸ் ரெய்னிங்' என்று எழுதியிருப்பார்கள். வார்த்தை எல்லாம் சரி, எழுவாய்தான் இல்லை.

இதற்குக் காரணம் கவனக்குறைவு அல்ல. 'நேற்று சந்தைக்குப் போனேன்' என்றால் போனது நான்தான் என்று வினையின் விகுதியே சொல்லிவிடுகிறது. போனாய், போனாள், போனார்கள் எல்லாம் அப்படித்தான். அதனால்தான் தமிழில் தோன்றா எழுவாய் இயல்பாக இருக்கிறது. ஆங்கிலத்தில் யார் போனாலும் 'வென்ட்' மாறாது. ஆகவே 'ஐ', 'ஷி', 'தே' என்று வெளிப்படையாகச் சொல்லியே ஆகவேண்டும். மழை பெய்வதற்குக்கூட 'இட் இஸ் ரெய்னிங்' என்கிறார்கள். அந்த 'இட்' எந்தப் பொருளையும் குறிக்கவில்லை, எழுவாயின் இடம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக வந்து நிற்கிறது. 'ஓப்பன் தி டோர்' போன்ற கட்டளைகளில் மட்டும் 'யூ' மறைந்திருக்கும்.

பயனிலையிலும் இதே கதைதான். 'என் அப்பா விவசாயி' என்பது தமிழில் முழு வாக்கியம், பெயர்ச்சொல்லே பயனிலையாகிவிடும். ஆங்கிலப் பயனிலைக்குள் ஒரு வினை இருந்தே தீரவேண்டும்: 'மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்'. 'மை ஃபாதர் ஃபார்மர்' என்று எழுதும் குழந்தை தாய்மொழியின் இலக்கணத்தைச் சரியாகப் பின்பற்றுகிறது. ஆசிரியர்கள் சிவப்புக் கோடு போடுவதற்கு முன் தயவுசெய்து இதை ஒரு முறை விளக்குங்கள்.

அப்புறம், தமிழ் வகுப்பில் பயனிலை என்றால் வாக்கியத்தை முடிக்கும் சொல். ஆங்கில வகுப்பில் எழுவாய்ப் பகுதி போக மீதி அத்தனையும் 'ப்ரெடிகேட்'. 'கவிதா ரோட் எ லெட்டர்' என்பதில் 'ரோட்' மட்டுமல்ல, 'எ லெட்டர்' என்பதும் அதில் சேரும். இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் வினையை மட்டும் அடிக்கோடிட்டு மதிப்பெண்ணை இழப்பார்கள்.

பெரியவர்களும் தடுமாறுவது நீண்ட எழுவாயில். 'தி லிஸ்ட் ஆஃப் டாகுமென்ட்ஸ் ஆர் அட்டாச்ட்' என்று அலுவலக மெயில்களில் அடிக்கடி பார்க்கிறேன். இணைத்திருப்பது பட்டியல், அது ஒன்றுதான். எனவே 'இஸ்' வரவேண்டும். தமிழில் 'ஆவணங்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது' என்னும்போது முக்கியச் சொல்லான 'பட்டியல்' வினைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை விவரிக்கும் அடைகள் ('ஆவணங்களின்' போன்றவை) எல்லாம் முன்னாலேயே வந்துவிடும். ஆங்கிலத்தில் முக்கியச் சொல் முன்னால் போய்விடுகிறது, அடைகள் நடுவில் புகுந்துகொள்கின்றன. பக்கத்தில் இருக்கும் 'டாகுமென்ட்ஸ்' கண்ணில் பட்டதும் கை தானாக 'ஆர்' போடுகிறது.

என் மாணவர்களை முதலில் வினையைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். பிறகு அந்த வினையை 'யார்? எது?' என்று கேட்க வேண்டும். கிடைத்த பதிலில் 'ஆஃப்', 'இன்', 'வித்' போன்ற சொற்களில் தொடங்கும் பகுதியை விரலால் மறைத்தால் மிஞ்சுவதுதான் எழுவாயின் முக்கியச் சொல். 'தேர் ஆர் டூ டாக்ஸ் இன் தி ஸ்ட்ரீட்' போன்ற வாக்கியங்களில் வினைக்குப் பின்னால் தேட வேண்டும். அங்கே எழுவாய் 'டூ டாக்ஸ்'.

வீட்டில் பழக நாளிதழை எடுக்காதீர்கள், அதன் வாக்கியங்கள் மிக நீளம். மூன்றாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் ஒரு பத்தி போதும். ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு சாய்கோடு போடச் சொல்லுங்கள். அது கைவந்த பிறகு, பிள்ளை தானே எழுதிய பத்தியில் அதே கோட்டைப் போடட்டும். கோடு போட இடம் கிடைக்காத வாக்கியத்தை நீங்கள் திருத்த வேண்டாம், பிள்ளையே திருத்திவிடும்.