இரவல் ஆயுதம்

ஓடு கிடையாது, முள் கிடையாது, வேகமாக நீந்தவும் தெரியாது. விரல் நீளம்கூட இல்லாத அந்தக் கடல் நத்தையைக் கவ்விய மீன் மறுநொடியே துப்பிவிடுகிறது. நத்தையின் முதுகில் கொத்துக் கொத்தாக நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழல்களின் நுனியில் நச்சு அம்புகள் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அவை அதன் சொந்த அம்புகள் அல்ல. எல்லாம் சாப்பாட்டில் திருடியவை.

அம்பின் உண்மையான சொந்தக்காரர்கள் ஜெல்லி மீனும், பூவைப் போலத் தெரியும் கடல் சாமந்தி என்ற உயிரும், அவற்றின் உறவுகளும். அவற்றின் கொட்டும் செல் ஒவ்வொன்றுக்குள்ளும் நுண்ணிய குப்பி ஒன்று, அதில் சுருட்டி வைத்த நூல். குப்பிக்குள் இருக்கும் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 150 மடங்கு. ஏதாவது உரசினால் மூடி திறந்து நூல் பாயும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ராவில் அளந்து பார்த்தபோது, நூலின் அடியில் இருக்கும் முள் பாய்வதற்கு 700 நானோநொடிதான் (ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோநொடி) ஆனது. கண்ணிமைக்கும் நேரம் இதற்கு முன்னால் ஒரு யுகம்.

இப்படிப்பட்ட வெடிகுண்டை நத்தை எப்படி விழுங்குகிறது? வாயிலும் உடம்பிலும் சுரக்கும் கெட்டியான கோழை, அம்புகள் பாய்வதைப் பெருமளவு தடுக்கிறது. அப்படியும் முற்றிய குப்பிகள் சில வெடிக்கத்தான் செய்யும். நத்தைக்கு வேண்டியவை முற்றாத குப்பிகள். அவை செரிக்காமல் குடல் கிளைகள் வழியே முதுகுக் குழல்களின் நுனிக்குப் போகின்றன. அங்கே இருக்கும் செல்கள் அவற்றை வாங்கிப் பத்திரப்படுத்துகின்றன. பிறகுதான் குப்பிக்குள் புரோட்டான்கள் சேர்ந்து அழுத்தம் ஏறுகிறது. பிஞ்சாகத் திருடி, தன் வீட்டில் பழுக்க வைக்கிற வேலை!

பேத்தை மீனின் டெட்ரோடோடாக்சின் நஞ்சும் இரவல் சரக்குதான்; அதைத் தயாரிப்பவை பாக்டீரியாக்கள்.

ஒருவகை ஆக்டோபஸ் இன்னும் நேரடியாக இறங்கிவிடுகிறது. அதன் உருவில் மிகச் சிறிய ஆண்களும் இளம் பெண்களும், 'போர்ச்சுகீஸ் மேன் ஆஃப் வார்' எனப்படும் கொடிய கொட்டுயிரியின் கொடிகளைப் பிய்த்து, தம் கைகளின் உறிஞ்சிகளில் பிடித்துக்கொண்டு திரிகின்றன. எவரெட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் அப்படி ஒன்றை வெறுங்கையால் வலையிலிருந்து எடுத்து, சுரீரென்று வலி வாங்கித்தான் இதைக் கண்டுபிடித்தார். 1963இல் அதை எழுதியும் வைத்தார்.

குத்துச்சண்டை நண்டுக்கு ஆயுதமாக ஒவ்வொரு கொடுக்கிலும் ஒரு கடல் சாமந்தி வேண்டும். ஒன்று தொலைந்துவிட்டால் மிஞ்சியதை இரண்டாகக் கிழித்துப் பிடித்துக்கொள்ளும். துண்டுகள் இரண்டும் வளர்ந்து முழு உயிர்களாகிவிடும். இரண்டுமே போய்விட்டதா? பக்கத்து நண்டோடு மல்லுக்கட்டி, அதனிடமிருந்து பறித்துக்கொள்ளும்.