இக்னிஷன்: மூட்டுறதோ, பத்துறதோ?

போன மாரியில லண்டனில இருக்கிற சித்தி வட்சப்பில எடுத்து, "தம்பி, வீட்டு பொயிலர் இக்னிஷன் ஃபோல்ட் எண்டு காட்டுது, உள்ளுக்க டிக் டிக் எண்டு சத்தம் மட்டும் வருது, நீ வோட்டர் பம் திருத்திறனி தானே, அது என்னெண்டு சொல்லன்" எண்டா. கிளிநொச்சி வெயிலுக்குள்ள இருக்கிற எனக்கு, குளிர்நாட்டு வீடுகளில காஸ் எரிச்சு வீட்டையும் தண்ணியையும் சூடாக்கிற அந்த பொயிலர் கண்ணில கண்ட சாமானில்லை, ஆனா அந்தச் சொல்லை தினமும் கையில பிடிச்சுத்தான் சீவிக்கிறன்.

இக்னிஷன் வந்தது லத்தீனில நெருப்பைக் குறிக்கிற 'இக்னிஸ்' எண்ட சொல்லில இருந்து. சமஸ்கிருத அக்னியும் அதே வேர், அதுதான் தமிழில அக்கினி. தமிழில இக்னிஷனுக்கு தீமூட்டல் எண்டும் எழுதினம், எரிபற்றல் எண்டும் எழுதினம், ரெண்டும் ஒண்டுதான் எண்டு கனபேர் நினைக்கினம். எனக்கு அப்பிடித் தெரியேல்லை. மூட்டுறது ஆளின்ர வேலை, பத்துறது நெருப்பின்ர வேலை. ஈர விறகை அம்மா எத்தினை தரம் மூட்டினாலும் "பத்துதில்லை" எண்டுதானே சொல்லுவா.

சண்டை நேரம், பெற்றோல் அருமையா இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில வன்னியில மோட்டச்சைக்கிளும் பம்மும் மண்ணெண்ணையில ஓடினது எங்கட ஆக்களுக்கு மறக்காது. ஸ்ராட் வர மட்டும் கொஞ்சம் பெற்றோல் விட்டு, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணைக்கு மாத்துவினம். பிளக்கில பொறி அதே பொறிதான், ஆனா குளிர்ந்த எஞ்சினுக்க மண்ணெண்ணை போதுமான அளவு ஆவியாகாது, ஆவி இல்லாட்டி பொறி விழுந்தும் பத்தாது.

சித்தியின்ர டிக் டிக்கும் பொறி அடிக்கிற சத்தம்தான். அப்ப மூட்டுது, பத்துதில்லை. வீட்டுக்கு காஸ் வருதோ எண்டு அறிய, காஸ் அடுப்பு எரியுதோ எண்டு கேட்டன், எரியுதாம். குளுகுளு எண்டும் ஒரு சத்தம் வருதாம். இந்தக் காலத்து பொயிலரில புகையில இருக்கிற நீராவி தண்ணியாகி ஒரு பிளாஸ்டிக் குழாயால வெளிய போகும், பனிக்கு அது உறைஞ்சா தண்ணி உள்ளுக்க தேங்கி நெருப்புப் பத்த விடாது. வெளிக்குழாயில இளஞ்சூட்டுத் தண்ணி ஊத்தச் சொன்னன், கொதிதண்ணி வேண்டாம், குழாய் வெடிக்கும். ஊத்திப்போட்டு ரீசெட் பண்ண பத்தீட்டுது.

மூண்டாவதா ஒண்டும் இருக்கு, பத்தியும் நிண்டு எரியாதது. நெருப்பு கொஞ்சம் மின்சாரம் கடத்தும், மைக்ரோ அம்பியர் கணக்கில, அதை ஒரு கம்பி பாத்துக்கொண்டிருக்கும். கம்பியில அழுக்குப் படிஞ்சா நெருப்பு இல்லையெண்டு கணக்கெடுத்து காஸை மூடி, கொஞ்சத் தரம் பாத்திட்டு லொக்கவுட்டுக்குப் போகும், எண்டா தன்னைத்தானே பூட்டிப்போடும். அது உயிரைக் காக்கிற பூட்டு, திரும்பத் திரும்ப ரீசெட் அமத்தக் கூடாது. பிரிட்டனில காஸ் வேலைக்கு கேஸ் சேஃப் பதிவு உள்ள ஆள்தான் கை வைக்கலாம், சித்திக்கும் அதைத்தான் சொன்னன்.

இக்னைட்டருக்கு தீமூட்டி நல்ல சொல். அதைவிடப் பழசு ஞெலிகோல், கடைஞ்சு நெருப்பெடுக்கிற கோல். புறநானூறு 315இல ஔவையார் அதியமானை வீட்டு இறையில, அதாவது கூரையின்ர தாழ்ந்த ஓரத்தில, செருகின ஞெலிகோல் எண்டுறா, சும்மா இருக்கேக்க தெரியாது, தேவைப்படேக்க நெருப்பாத் தெரிவானாம். அந்த 'இறை'யைத்தான் நாங்கள் இண்டைக்கும் "இறப்பில செருகி வை" எண்டு சொல்லுறம்.

ஸ்கிரீனில வந்த ஃபோல்டுக்கு நான் எழுதினா எரிபற்றாமை எண்டுதான் எழுதுவன். தீமூட்டாமை எண்டு எழுதினா, ஒழுங்கா பொறி அடிச்சுக்கொண்டிருந்த அந்த எலெக்ட்ரோட் எண்ட பொறிக் கம்பியைத்தான் ஆரும் முதல்ல கழட்டுவினம்.