குப்பியில் எழுதியிருக்கும் மில்லிகிராம் எதன் எடை?

பில்பெர்ரி என்னும் கருநீலப் பழத்தின் மாத்திரைக் குப்பிகள் இரண்டில் ஒன்றில் 500 மில்லிகிராம் என்றும் மற்றொன்றில் 80 மில்லிகிராம் என்றும் அச்சிட்டிருப்பதால், முதலாவதுதானே வீரியம் மிக்கது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அப்படிச் சொல்லிவிட முடியாது. முதலாவது வெறும் உலர்பழப் பொடியாக இருக்கலாம். இரண்டாவது, பழத்துக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமியை 36 விழுக்காடு கொண்டதாகத் தரப்படுத்திய சாரம் என்றால், அதில் 28.8 மில்லிகிராம் நிறமி இருக்கும். சில குப்பிகளில் காணும் '100:1' என்ற விகிதம் பழத்துக்கும் சாரத்துக்குமான எடைக் கணக்கு மட்டுமே. அதில் நிறமி எவ்வளவு மிஞ்சியது என்பதை அது சொல்வதில்லை. இதே சாரத்தை '25 விழுக்காடு ஆந்தோசயனிடின்' என்று எழுதினாலும் முரண் இல்லை, ஏனெனில் ஆந்தோசயனின் மூலக்கூறில் ஒட்டியுள்ள சர்க்கரையை நீக்கினால் மிஞ்சுவதே ஆந்தோசயனிடின், அப்படிக் கணக்கிட்டால் எடை குறையும். தனியுரிமைக் கலவை என்று மொத்த எடையை மட்டும் போட்டிருக்கும் குப்பியை நான் கையில் எடுக்கவே மாட்டேன்.

அந்த 36-ஐ அளப்பது எப்படி? கரைசல் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று ஒருமுறை மட்டும் பார்த்தால், எந்தச் சிவப்புச் சாயமும் நிறமியாகக் கணக்கில் ஏறிவிடும். அமராந்த் என்னும் செயற்கைச் சாயம் கலந்த பில்பெர்ரி சாரம் சந்தைக்கு வந்ததும் உண்டு. இதை முறியடிக்கும் உத்தி அழகானது. மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை பிஎச் 1.0 அளவிலும் மற்றதை 4.5 அளவிலும் வைக்கிறார்கள். பிஎச் 1.0 என்ற கடும் அமிலத்தில் ஆந்தோசயனின் நேர்மின்னூட்டம் பெற்ற வளையமாக நின்று, 520 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சிச் சிவக்கிறது. பிஎச் 4.5-இல் அமிலம் தணிந்ததும் ஒரு நீர் மூலக்கூறு அந்த வளையத்தின் கார்பன் ஒன்றைப் பற்றிக்கொள்ள, எலக்ட்ரான்கள் தடையின்றிப் பரவியிருந்த பாதை அறுந்து, பெரும்பகுதி நிறம் மறைந்துவிடுகிறது. கலங்கலால் வரும் பிழையை 700 நானோமீட்டர் அளவீட்டால் கழித்துவிட்டு, இரு உறிஞ்சல்களின் வேறுபாட்டை மட்டும் நிறமியின் அளவாகக் கொள்கிறார்கள். அமராந்துக்கு இந்த மாற்றம் தெரியாது. இரண்டு குவளைகளிலும் ஒரே சிவப்பாக நின்று, கழித்தலில் தானே காணாமல் போய்விடும். இத்தனை எளிய சோதனையைப் பொதுப்பணத்தில் தொடர்ந்து நடத்தி முடிவுகளை வெளியிடாமல், புதிய 'அற்புதப் பழம்' தேடும் ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்குவது எனக்கு உவப்பானதல்ல.

ஆனால் கறுப்பரிசியின் நிறமியும் உண்மையான ஆந்தோசயனினே என்பதால், அதைக் கலந்தால் இந்தச் சோதனை ஏமாறும். அப்போது நிறமிகளைத் தனித்தனியே பிரித்து வரைபடத்தில் முகடுகளாகக் காட்டும் குரோமடோகிராபி தேவை: பில்பெர்ரியில் ஐந்து அடிப்படை நிறமிகள் மூன்று சர்க்கரைகளோடு தனித்தனியே இணைவதால் 15 முகடுகள் தெரியும், கறுப்பரிசியிலோ சயனிடின் குளுக்கோசைடின் முகடு ஒன்றே மற்றவற்றை மிஞ்சி உயர்ந்து நிற்கும்.