லேஸை அவிழ்த்துவிட்டு ஷூவைப் போடுங்கள்

போன வாரமும் ஒரு ஜோடி வந்தது. லேஸ் கட்டும் கறுப்பு ஆக்ஸ்ஃபோர்டு ஷூ, நல்ல கன்றுத்தோல், வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சோலில் தேய்மானமே இல்லை. முன்பக்கத்தில் பாலிஷ் பளபளக்கிறது. திருப்பிக் குதிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விறைப்பாக எதிர்த்து நிற்க வேண்டிய இடம், நனைந்த அட்டைப்பெட்டியின் மூலைபோல உள்ளே மடங்கிவிட்டது. உள்ளே லைனிங் கிழிந்து நூல் நூலாகத் தொங்குகிறது. "இது வெல்ட் வைத்துத் தைத்த ஷூதானே, சோலை மாற்றினால் சரியாகிவிடும் அல்லவா?" என்று கேட்கிறார் கொண்டுவந்தவர். வெல்ட் என்பது மேல்தோலையும் சோலையும் இணைக்க விளிம்பைச் சுற்றித் தைக்கும் தோல் பட்டை. சோலுக்கு ஒன்றும் ஆகவில்லை ஐயா. உடைந்திருப்பது கவுண்டர்.

டோக்கியோவில் ஷூத் தொழிலுக்குப் பேர்போன அசகுசாப் பகுதியில் பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். இந்த ஒரே கேட்டை இத்தனை தடவை பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெளித்தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவே, குதிகாலைச் சுற்றிப் பசை தடவி வைக்கும் விறைப்பான துண்டுதான் கவுண்டர். மேல்தோலை, கால் வடிவத்தில் இருக்கும் அச்சுக்கட்டையின் மேல் இழுத்து ஆணியடிக்கும்போது அதுவும் சேர்ந்து வளைந்து, அந்த வடிவத்திலேயே காய்ந்து இறுகும். அது உடைந்தால் ஹீல், சோல், வெல்ட் எல்லாவற்றையும் பிரித்து, ஷூவை மறுபடி கட்டையில் ஏற்ற வேண்டும். அந்தச் செலவுக்குப் புதிய ஜோடியே வாங்கலாம். கிழிந்த லைனிங்கின் மேல் மெல்லிய தோலை ஒட்டித் தருவேன். அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

உடைவதற்குக் காரணம் ஒன்றுதான். ஜப்பானில் வீட்டு வாசலில், சில உணவகங்களில், சில கிளினிக்குகளில் எல்லாம் ஷூவைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் லேஸ் அவிழ்க்கச் சோம்பல்பட்டு, கட்டிய லேஸோடு காலை நுழைத்து, குதியை மிதித்துத் தள்ளுகிறார்கள். அதற்கு வசதியாக ஒரு அளவு பெரிதாகவே வாங்கவும் செய்கிறார்கள். என் கோபம் முழுவதும் இந்தப் பெரிய அளவின் மேல்தான்.

தயவுசெய்து கவனியுங்கள். ஜப்பானியத் தொழில்தர அளவில் 25 என்று போட்டிருந்தால், அது 25 சென்டிமீட்டர் நீளமுள்ள பாதத்துக்கான ஷூ. ஷூவின் நீளம் அல்ல. விரல் நுனிக்கு முன்னால் விட வேண்டிய இடத்தைச் செய்பவர்கள் ஏற்கெனவே கட்டையில் சேர்த்துவிட்டார்கள். ஸ்னீக்கரில் 26.5 போடுகிறவர் தோல் ஷூவிலும் 26.5 கேட்டால் அவர் பாதம் உள்ளே மிதக்கும். மிதக்கும் பாதம் ஒவ்வோர் அடியிலும் முன்னால் வழுக்கி விரல்களை இடிக்கும். விரல் வலித்ததும், "ஷூ பிடிக்கிறது, இன்னும் பெரிது கொடுங்கள்" என்பார்கள்! வலி வந்ததே ஷூ பெரிதாக இருப்பதால்தான். பக்கவாட்டில் பிடித்தால் மாற்ற வேண்டியது அகலத்தை. அதற்காகத்தான் ஈ, டபுள் ஈ, டிரிபிள் ஈ என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பாதச் சுற்றளவில் 6 மில்லிமீட்டர் வித்தியாசம். சில நிறுவனங்கள் பிரிட்டிஷ் எண்ணும் போடுவதால், எண்ணை நம்பாமல் கடையில் பாதத்தை அளக்கச் சொல்லுங்கள். மாலையில் போனால் நல்லது. லேஸ் கட்டியதும் இரண்டு பக்கத் தோலுக்கும் நடுவே சிறிது இடைவெளி இருக்க வேண்டும். முதல் நாளே இரண்டும் ஒட்டிக்கொண்டால் வாங்காதீர்கள். உள்ளே நிரப்பிய கார்க் நாளாக ஆக அமுங்கும். அப்போது இறுக்க இடமே இருக்காது.

இந்த நாட்டில் ஷூத் தொழில் பிறந்த கதையே இதுதான். வெளிநாட்டிலிருந்து வந்த ராணுவ ஷூக்கள் ஜப்பானியச் சிப்பாய்களின் கால்களுக்குப் பெரிதாக இருந்ததால், நிஷிமுரா கட்சுசோ 1870-இல் டோக்கியோவின் சுகிஜியில் தொழிற்சாலை தொடங்கினார். அது தொடங்கிய மார்ச் 15-ஐ இன்றும் ஷூ தினமாக வைத்திருக்கிறார்கள். காலுக்குப் பொருந்த வேண்டும் என்று ஆரம்பித்த தொழிலின் ஷூவையா பெரிதாக வாங்கி மிதிப்பது?

ஒரு ஷூவுக்குப் பின்னால் உள்ள உழைப்பைக் கிட்டத்தில் பார்த்தால் மிதிக்க மனம் வராது. வழக்கமான குட்இயர் வெல்ட் ஷூவில், பாதம் படும் உள்சோலான இன்சோலின் அடியில் ஒட்டிய துணி விளிம்போடு வெல்டை இயந்திரம் தைத்துவிடும். இங்கே சில பட்டறைகளில், கடையில் எடுத்து அணியும் ஷூவுக்கே அதைக் கையால் செய்கிறார்கள். தடித்த இன்சோல் தோலிலேயே கத்தியால் பள்ளம் வெட்டி, வளைந்த குத்தூசியால் துளையிட்டு, மெழுகும் பிசினும் ஏற்றிய நூலின் இரு முனைகளையும் எதிரெதிராக நுழைத்து, ஒவ்வொரு தையலையும் இழுத்து இறுக்குவார்கள். வெளிச்சோலை மட்டும் இயந்திரம் தைக்கும். அப்படிச் செய்த ஷூவைச் சோல் பிரித்துப் பார்க்கும்போது எனக்கு இன்றும் கை தயங்கும். கவுண்டர் உடைந்து வந்தால் அத்தனை தையலும் வீண்.

ஆகவே, அவிழ்த்துவிட்டுப் போடுங்கள், அவிழ்த்துவிட்டுக் கழற்றுங்கள். குதியை வழுக்கி உள்ளே நுழைக்க உதவும் ஷூஹார்ன் ஒன்றைப் பையிலேயே வையுங்கள். ஒரு காலால் மறு காலின் குதியை மிதித்துக் கழற்றாதீர்கள். இன்று போட்டதை நாளை போடாதீர்கள். வியர்வை காய வேண்டும். கழற்றியதும் ஷூவின் வடிவம் கெடாமல் காக்கும் மரக்கட்டையை உள்ளே செருகுங்கள். மழையில் நனைந்தால் துடைத்து, உள்ளே செய்தித்தாள் திணித்து, ஈரமானதும் தாளை மாற்றி, சோலுக்குக் காற்று படும்படி நிழலில் சாய்த்து வையுங்கள். ஹேர் டிரையர், ஹீட்டர், வெயில் எதுவும் வேண்டாம். வெடித்த தோலைத் தைக்க வழியில்லை. ஜூன் மாத மழைக்காலத்தில் அலமாரிக் கதவை அவ்வப்போது திறந்துவிடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

ஹீலின் அடி ரப்பர் தேய்ந்து அதன் மேலுள்ள தோல் அடுக்கைத் தொடும் முன்பே கொண்டுவாருங்கள். ரப்பர் மட்டும் என்றால் நீங்கள் காத்திருக்கும்போதே மாற்றித் தந்துவிடுவேன். முன்நுனி தேய்ந்து வெல்ட் தையல் அறுந்த பிறகு வந்தால், வெல்டையே பிரித்துப் புதிதாகத் தைக்க வேண்டியிருக்கும்.