டெசபரெசிடோ: காணாமல் போனவரா, ஆக்கப்பட்டவரா?

அரசே தூக்கிப்போய்த் தடயமில்லாமல் செய்துவிட்டவரைக் குறிக்கும் 'டெசபரெசிடோ' என்ற ஸ்பானிஷ் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஸ்பானிஷில் 'அபரெசெர்' என்றால் தோன்றுதல். 'டெஸ்' என்ற முன்னொட்டு அதை எதிர்மறையாக்கும். ஆக, டெசபரெசிடோ என்பதன் நேர்ப்பொருள் 'மறைந்தவர்'. ஆனால் தமிழில் அப்படி எழுதினால் செத்தவர் என்றாகிவிடும். வீட்டார் ஏற்க மறுப்பதே அதைத்தானே!

அர்ஜென்டினாவில் 1976 மார்ச் 24 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆட்களை வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் தூக்கிப்போய் ரகசிய முகாம்களில் வதைத்தார்கள். பலரை விமானத்திலிருந்து கடலில் தள்ளினார்கள். கைதுப் பதிவும் கிடையாது, சடலமும் கிடையாது. 1979-இல் நிருபர்கள் கேட்டபோது ராணுவ ஆட்சியின் அதிபர் விடேலா, செத்தும் இல்லை, உயிரோடும் இல்லை, டெசபரெசிடோ என்று கைவிரித்தார். 1984-இல் விசாரணை ஆணையம் 8,961 பேரைக் கணக்கில் எடுத்தது; மனித உரிமை அமைப்புகள் சொல்வது 30,000.

விடேலாவுக்கு அந்தச் சொல் வசதியாக இருந்ததற்கு இலக்கணமும் ஒரு காரணம். அது தன்வினை, செய்தவன் யார் என்ற கேள்வியே அதில் எழாது. அதனால் மக்கள் அதைப் பிறவினையாக வளைத்தார்கள். 'அவனைக் காணாமல் போனார்கள்' என்று நாம் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. பிழைதான், ஆனால் குற்றவாளி வாக்கியத்துக்குள் வந்துவிட்டான்.

தமிழுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, 'ஆக்கு' இருக்கிறது. இலங்கையில் 2016-இல் இப்படிப்பட்டவர்களைத் தேட ஓர் அலுவலகம் அமைக்கச் சட்டம் வந்தபோது அதிகாரத் தமிழ் 'காணாமற்போன ஆட்கள்' என்றது. 2009-இல் போர் முடிந்தபோது பிள்ளைகளை ராணுவத்திடம் கையளித்தோம் என்று சொல்லும் தாய்மார் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்கிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிய குழந்தைதான் காணாமல் போகும். நம் நாளிதழ்களின் 'மாயம்' இன்னும் மோசம், ஏதோ மந்திரவாதி வேலை மாதிரி.

என்னைக் கேட்டால் 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என்பதே சரி. 'வலிந்து' கொஞ்சம் மிகைதான், இருந்தாலும் ஐ.நா. உடன்படிக்கையின் பெயரோடு ஒத்துப்போவதால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம், சிலியில் ஒரு விசித்திரம். 1973-இல் ராணுவப் புரட்சியால் ஆட்சியைப் பிடித்த பினோசேயின் அரசு, 1978-இல் தனக்குத்தானே பொதுமன்னிப்பு வழங்கிக்கொண்டது. பின்னாளில் நீதிமன்றங்கள் அதில் ஒரு வழி கண்டன: சடலம் கிடைக்காதவரை, ஒருவரைக் காணாமல் ஆக்கியது 1973-இல் முடிந்துபோன குற்றம் அல்ல, இன்னும் நீடிக்கும் ஆள்கடத்தல், மன்னிப்பு அதற்குப் பொருந்தாது. 'ஆக்கப்பட்ட' என்னும் நம் இறந்தகாலப் பெயரெச்சம் அந்த வாதத்தோடு கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது.